கதிர் பட்ட நெஞ்சு

ஜனவரி 8, 2025, புதன்

லிஃப்ட் இன்றும் வேலை செய்யவில்லை. ஆறு மாடி ஏற வேண்டும். நான்காவது மாடியில் நின்று கைப்பைக்குள் எதையோ தேடுவதுபோல் நடித்தேன். எதிர்வீட்டுச் சீன ஆன்ட்டி இரண்டு கையிலும் காய்கறி நிறைந்த பாசார் பையோடு என்னைத் தாண்டி ஏறிப் போனார். அவருக்கு அறுபத்தெட்டு. எனக்கு நாற்பத்தாறு.

பினாங்கில் பதினொரு வருடமாக பஸ் ஓட்டுகிறேன். உட்கார்ந்தே செய்யும் வேலை, அதனால்தான் மூச்சு வாங்குகிறது என்று என் வீட்டுக்காரர் லோகன் சொல்கிறார். ஜுருவில் கார் ஏர்கோன் ரிப்பேர் பார்க்கிறவர், எல்லாவற்றுக்கும் ஃபில்டர் அடைத்திருக்கும் என்பதே அவர் வைத்தியம்.

போன வாரம் கிளினிக் போனேன். டாக்டர் எடையைப் பார்த்தார், வயதைக் கேட்டார். இந்த வயதில் பெண்களுக்கு இப்படித்தான் இருக்கும் என்றார். கேஸ்டிரிக் மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஸ்டெதஸ்கோப் அவர் கழுத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது, என் நெஞ்சுக்கு வரவேயில்லை.

97-ஆம் வருடத்தைப் பற்றி நான் சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்? பதினெட்டு வயதில் நெஞ்சுக்குள் கேன்சர் கட்டி வந்தது. மருந்து ஏற்றினார்கள், ரேடியேஷன் கதிர் வைத்தார்கள், கட்டி போய்விட்டது. ஐந்து வருடம் செக்கப். பிறகு இனி வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். விடுதலையான கைதி மறுபடி ஜெயில் வாசலில் போய் நின்று பெயர் சொல்வானா?

ஜனவரி 19, ஞாயிறு

ஹைதர் பாய் கடையில் சாப்பாடு கட்டிக்கொண்டு வரலாம் என்று போனேன். அவர் மனைவி, 97-இல் என்னோடு ஆஸ்பத்திரியில் இருந்த ரொஸ்னாவைப் பார்த்து எட்டு மாதம் ஆகியிருந்தது. என் போன் தொலைந்ததில் அவள் எண்ணும் போயிற்று. இன்று போகலாம், நாளைக்குப் போகலாம் என்று...

கடையில் ஹைதர் பாய் மட்டும் இருந்தார். ரொஸ்னா எங்கே என்று கேட்டேன். அவர் கரண்டியை வைத்துவிட்டு என்னை உள்ளே கூட்டிப்போய் நாற்காலி போட்டார். அப்போதே தெரிந்துவிட்டது.

டிசம்பர் மூன்றாம் தேதி. குளியலறை வாசலில் விழுந்தவள் எழவில்லை. திரும்பவும் வந்துவிட்டதா என்று கேட்டேன்.

“கேன்சர் இல்ல மோகனா. ஹார்ட்டு.”

மூன்று மாதமாக மூச்சு வாங்கியிருக்கிறது. நெஞ்சு அடைக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தாளாம். கேஸ்டிரிக் என்று மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். மேசை இழுப்பறையைத் திறந்து மீதி மாத்திரைகளைக் காட்டினார். வெள்ளையும் பச்சையுமாக ஒரு அட்டை.

என் கைப்பையில் இருப்பதும் அதே அட்டை.

நாங்கள் மூன்று பேர் அந்த வார்டில். நான், ரொஸ்னா, நிபோங் திபாலிலிருந்து வந்த ஜெயலெட்சுமி. ஒரே நோய், ஒரே வருடம். கதிர் அறைக்கு வெளியே வரிசையாக உட்கார்ந்திருப்போம். ரொஸ்னாதான் முதலில் உள்ளே போவாள். வெளியே வந்து, “ஒண்ணுமில்ல, போட்டோ புடிக்கிற மாதிரித்தான்” என்பாள், ஒவ்வொரு நாளும், எங்கள் இருவருக்காக. மூன்று பேரும் பிழைத்தோம். வார்டில் எல்லோரும் எங்களைக் காட்டி மற்றவர்களுக்குத் தைரியம் சொல்வார்கள்.

சாப்பாடு கட்டவில்லை. ஹைதர் பாய் எவ்வளவோ சொன்னார்.

ஜனவரி 20, திங்கள்

மாத்திரையை இன்று போடவில்லை. தூக்கி எறியவும் இல்லை.

ஜனவரி 27, திங்கள்

மதிய ஓய்வில் போனில் தேடினேன். இளம் வயதில் நெஞ்சில் கதிர் வாங்கியவர்களுக்கு இருபது, முப்பது வருடம் கழித்து இருதயத்தில் கோளாறு வரலாம். வால்வு கல்லுப்போல இறுகலாம். ரத்தக்குழாய் சுருங்கலாம். அவர்களுக்கு ஆயுள் முழுக்கப் பரிசோதனை வேண்டும்.

ஆயுள் முழுக்க. அப்படி யாரும் எங்களிடம் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் அவர்களுக்கே தெரிந்திருக்காது என்று நினைத்துக்கொள்கிறேன். கோபம் வந்தால் யார்மேல் காட்டுவது? அவர்கள்தானே என்னைப் பிழைக்க வைத்தார்கள்.

இல்லை, எனக்கு ஒன்றுமில்லை. ரொஸ்னாவுக்குச் சர்க்கரை இருந்தது. எனக்கு அதுகூடக் கிடையாது. பார்க்கலாம், தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயில் படி ஏறிக் காட்டுகிறேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம். பால்குடம் எடுத்தேன், வருடாவருடம் எடுப்பதுதான். லோகன் வேண்டாம் என்றார். வேண்டாம் என்று சொன்னதாலேயே எடுத்தேன்.

இருநூறு படி வரைக்கும் சமாளித்தேன். அதற்குமேல் யாரோ நெஞ்சின்மேல் உட்கார்ந்ததுபோல. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். காவடிக்காரர்கள், கைக்குழந்தைக்காரிகள், எல்லோரும் என்னைக் கடந்து போனார்கள். லோகன் குடத்தை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டார். நான் ஒவ்வொரு திருப்பத்திலும் உட்கார்ந்து, ஒன்றரை மணி நேரம் எடுத்து, மேலே போய்ச் சேர்ந்தேன்.

ஏறிவிட்டேன் அல்லவா? ஆனால் சாமியிடம் என்ன கேட்டேன் என்றே நினைவில்லை. மூச்சு வாங்குவதிலேயே போய்விட்டது.

பிப்ரவரி 20, வியாழன்

இதை எழுதத்தான் வேண்டும். வேறு யாரிடமும் சொல்லவில்லை.

பாலிக் பூலாவ் மலைப்பாதை, மூன்று மணி வண்டி. வளைவில் திருப்பும்போது நெஞ்சு இறுகியது. கண்முன்னால் எல்லாம் சாம்பலாகிவிட்டது. முழுதும் இருட்டவில்லை. சாலையின் வெள்ளைக்கோடு மட்டும் எங்கோ தூரத்தில் தெரிந்தது. எப்படி பிரேக் போட்டேன், எப்படி ஓரம் கட்டினேன், தெரியாது. கை தானாகச் செய்தது. டுரியான் கடைக்கு முன்னால் நின்றிருந்தோம்.

எஞ்சின் சூடாகிவிட்டது, ஐந்து நிமிடம் என்று மலாயில் சொன்னேன். வயதான ஒரு மலாய்க்கார மக்சிக் முன்னால் வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டு, கேட்காமலேயே தண்ணீர் போத்தலைக் கொடுத்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது. எஞ்சினுக்கா தண்ணீர் கொடுத்தார்?

வண்டியில் முப்பத்தொரு பேர். நான்கு பேர் பள்ளிச் சீருடையில்.

ஐந்து நிமிடம் கழித்து மீதித் தூரத்தையும் ஓட்டிக்கொண்டு போனேன். அதுதான் இப்போது சுடுகிறது. நின்றது என் கட்டுப்பாட்டில் இல்லை. திரும்ப எடுத்ததை என்னவென்று சொல்வது?

பிப்ரவரி 21, வெள்ளி

இன்றும் ஓட்டினேன். நாள் முழுக்க முதுகுக்குப் பின்னால் ஆட்கள் ஏறும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

ஏண்டி மோகனா, யாருகிட்ட காட்டுற இந்த வீம்ப?

பிப்ரவரி 22, சனி

டெப்போவுக்குப் போனேன். சூப்பர்வைசர் கார்த்திகேசு அண்ணன் காலை அட்டவணையைப் போட்டுக்கொண்டிருந்தார். என் பெயரை எடுத்துவிடுங்கள் என்றேன். வியாழக்கிழமை நடந்ததைச் சொன்னேன். 97-ஐயும் சொன்னேன். பதினொரு வருடத்தில் முதல் தடவையாக வேலையிடத்தில் அந்த வார்த்தையைச் சொன்னேன்.

அவர் நல்ல மனுஷன். கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“இந்த மாரி எழுதிட்டா லைசென்ஸ் திரும்பக் கெடைக்கிறது சூசாலா, ரொம்பக் கஷ்டம். ரெண்டு வாரம் லீவு எடு, ரெஸ்ட் எடு. நீ சொல்லல, நான் கேக்கல.”

ஆசையாகத்தான் இருந்தது. ஒரு நிமிடம் யோசித்தேன், பொய் சொல்ல மாட்டேன்.

“எழுதுங்கண்ணே. நான் கையெழுத்துப் போடறேன்.”

வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து அழுதேன். பிறகு பஸ் வந்தது, ஏறினேன், டிக்கெட் வாங்கி. ஓட்டினது புதுப் பையன், வளைவில் வேகமாகத் திருப்புகிறான். சொல்லிவிட்டுத்தான் இறங்கினேன்.

மார்ச் 3, திங்கள்

அரசாங்க கிளினிக். இந்தத் தடவை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டு போனேன். வருடம், நோயின் பெயர், நெஞ்சில் கதிர், சிவப்பு நிறக் கீமோ மருந்து ஏற்றியது, என்னோடு கதிர் வாங்கியவள் டிசம்பரில் இருதயத்தால் இறந்தது. மூன்று மணி நேரம் காத்திருந்தேன்.

டாக்டர் சின்னப் பெண். முதலில் இதுவும் படபடப்பாக இருக்கலாம் என்றுதான் ஆரம்பித்தாள். நான் தாளைத் திருப்பி அவள் பக்கம் நகர்த்தினேன். “மொதல்ல கேட்டுப் பாருங்க. அப்புறம் என்ன வேணும்னாலும் சொல்லுங்க” என்றேன். முகம் சிவந்தது அவளுக்கு. ஆனால் ஸ்டெதஸ்கோப்பை எடுத்தாள். நெஞ்சில் ஒரு இடத்தில் வைத்து வெகுநேரம் எடுக்கவேயில்லை. பிறகு கழுத்தில் வைத்தாள்.

ஒரு சத்தம் கேட்கிறது என்றாள். வால்வு சத்தம். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதினாள், மேலே அவசரம் என்று போட்டு. எழுந்து வரும்போது அந்தத் தாளைத் தானே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். கொடுத்தேன். என்னைத் திட்டியிருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

மார்ச் 17, திங்கள்

இருதய டாக்டர் பெயர் ஹுஸ்னா. தமிழ் பேசுகிறவர். எவ்வளவு கதிர் கொடுத்தார்கள், எந்தெந்த இடத்தில் என்று கேட்டார். பழைய ஃபைல் இல்லை, அத்தனை வருடம் யாரும் வைத்திருக்க மாட்டார்களாம், போன வாரமே விசாரித்துவிட்டேன்.

அப்போதுதான் நினைவு வந்தது. சட்டைப் பட்டனைக் கழற்றிக் காட்டினேன். கழுத்துக்குழிக்குக் கீழே ஒன்று, பக்கவாட்டில் இரண்டு. நீலப் புள்ளிகள். கதிர் ஒரே இடத்தில் படவேண்டும் என்று ஊசியால் குத்திய அடையாளம். இருபத்தேழு வருடமாகக் கழுத்து மூடிய சட்டைதான் போடுகிறேன். கல்யாணப் புடவைக்கே ரவிக்கை கழுத்துவரை வைத்துத் தைத்தேன்.

டாக்டர் ஹுஸ்னா ஒரு புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளிக்கு விரலால் அளந்தார். “இதவிட நல்ல ஃபைல் வேணாம்கா” என்றார்.

எக்கோ எடுத்தார்கள், இருதயத்துக்கு எடுக்கும் ஸ்கேன். பெரிய ரத்தக்குழாய் ஆரம்பிக்கும் இடத்து வால்வு இறுகிப்போயிருக்கிறது. விரல் நுழையும் அளவு திறக்க வேண்டியது, பென்சில் நுழையும் அளவுக்குத்தான் திறக்கிறதாம். நான் மலையேறினேன் என்றதும் அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இந்த நிலையில் மலை ஏறியவர்கள் எல்லோரும் இறங்கி வருவதில்லை என்று அமைதியாகச் சொன்னார். தைராய்டுக்கும் மார்பகப் பரிசோதனைக்கும்கூட எழுதினார். கதிர் போன பாதை முழுக்கப் பார்த்துவிட வேண்டுமாம்.

நானும் சொன்னேன், பார்த்துவிடுங்கள் என்று. இனிமேல் ஒன்றும் பாக்கி வைக்காதீர்கள்.

ஏப்ரல் 8, செவ்வாய்

ஸ்கேன் முடிவு. ஒரு ரத்தக்குழாயும் சுருங்கியிருக்கிறது. மார்பகமும் தைராய்டும் சுத்தம். முதலில் குழாய்க்கு ஸ்டென்ட், பிறகு வால்வு. கதிர் பட்ட நெஞ்சைத் திறந்தால் ஆறுவது கஷ்டம், அதனால் தொடை வழியாகப் புது வால்வைக் கொண்டுபோய் வைக்கலாமா என்று டாக்டர்கள் கூடிப் பேசப்போகிறார்கள். அந்த வால்வு பத்துப் பன்னிரண்டு வருடம் வரலாம். அதற்குப் பிறகு இன்னொன்று வேண்டியிருக்கும், யோசித்துக்கொள்ளுங்கள் என்றார்.

யோசிக்க என்ன இருக்கிறது? பன்னிரண்டு வருடம் கழித்து வருவதைப் பன்னிரண்டு வருடம் கழித்துப் பார்த்துக்கொள்கிறேன். இடையில் எனக்கு வேலை இருக்கிறது.

ஜெயலெட்சுமி எங்கே இருக்கிறாள்?

ஏப்ரல் 13, ஞாயிறு

ரொஸ்னாவின் போனில் ஜெயலெட்சுமியின் எண் இருந்தது. ஹைதர் பாய் தேடி எடுத்துக் கொடுத்தார். நோன்புப் பெருநாளுக்கு வருடம் தவறாமல் அவளுக்குப் பலகாரம் அனுப்புவாளாம் ரொஸ்னா. நான் ரொஸ்னாவோடு ஒரே தீவில் இருந்துகொண்டு...

போனில் பேச ஜெயா இடம் கொடுக்கவில்லை. லோகனைக் கூட்டிக்கொண்டு நிபோங் திபாலுக்கே போனேன். எண்ணெய்ப்பனைத் தோட்டத்தை ஒட்டின வீடு. பள்ளிக்கூட கேன்டீன் நடத்துகிறாள். வாசலில் என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டாள். கையைப் பிடித்துச் சிரித்தாள், அடுத்த நொடியே பின்பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். உள்ளே மாமியார் இருந்தார்.

ரொஸ்னா போனதைச் சொன்னேன். வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். என் வால்வைப் பற்றிச் சொன்னேன். ஒரு எக்கோ எடுத்துக்கொள், வலிக்காது, அரை மணி நேரம்தான் என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“எனக்கு டிபி வந்துச்சுன்னு சொல்லித்தான் கட்டிக் குடுத்தாங்க. இருபது வருஷமா அவருக்கும் தெரியாது. இப்ப போயி நெஞ்சக் காட்டிக்கிட்டு நின்னா என்னான்னு சொல்றது?”

உயிரோட இருக்கேன்னு சொல்லு என்றேன். சத்தமாகச் சொல்லிவிட்டேன்போல. உள்ளிருந்து யார் வந்திருப்பது என்று மாமியார் கேட்டார். பழைய கூட்டாளி, கிளம்பிட்டாங்க என்று ஜெயா பதில் சொன்னாள். கிளம்பினேன்.

மே 6, செவ்வாய்

ஸ்டென்ட் வைத்தாயிற்று. மணிக்கட்டு வழியாக. முழு நேரமும் விழித்திருந்தேன். ரேடியோவில் யாரோ கறிப்பஃப் செய்முறை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

மே 25, ஞாயிறு

மறுபடி நிபோங் திபால். லோகனுக்குக் கோபம். உன் உடம்பை முதலில் பார், அவள் பெரிய மனுஷி, சொன்னாயிற்று அல்லவா என்று கடல்பாலத்தின்மேல் முழுக்கத் திட்டிக்கொண்டே வந்தார். ஆனாலும் காரை ஓட்டினது அவர்தான்.

ஜெயா கேட்டைத் திறக்கவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றாள். முகமே மாறியிருந்தது.

“உனக்கு வந்துருச்சு. அதுக்கு எனக்கும் வரணும்னு ஆசையா?”

காரில் ஏறினேன். லோகன் அதைக் கேட்டுவிட்டார். ஜுரு வந்ததும் நிறுத்தி, கோப்பி வாங்கிக் கொடுத்தார்.

அவள் சொன்னதில் ஒரு துளியாவது உண்மை இருக்கிறதா என்று வீடு வரைக்கும் என்னையே கேட்டுக்கொண்டு வந்தேன். தனியாக இருக்கப் பயம்தான். அது உண்மை. அவளுக்கு வரவேண்டும் என்று ஆசையா? இல்லை. இல்லவே இல்லை. அவள் இன்னும் நூறு தடவை அப்படிக் கேட்டாலும் கேட்டுக்கொள்கிறேன். ரொஸ்னா மாதிரி குளியலறை வாசலில் விழுந்துவிட்டாள் என்று யாரோ எனக்குச் சொல்லிக் கேட்கத்தான் முடியாது.

ஜூன் 10, செவ்வாய்

ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டேன். நாளைக்குத்தான் வால்வு. என்னென்ன ஆகலாம் என்று எல்லாவற்றையும் வாசித்துக் காட்டிவிட்டுக் கையெழுத்து வாங்கினார்கள். போட்டேன். எழுத்து நடுங்கவில்லை, பார்த்துக்கொண்டேன்.

பார்வையாளர் நேரம் முடிகிற சமயம். லோகன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டே இருந்தார், நான் சாப்பிடக்கூடாது என்பதுகூட மறந்து. திடீரென்று சொன்னார்:

“பொண்ணு பாக்க வந்தன்னிக்கே நீ எல்லாத்தையும் சொல்லிட்ட. அஞ்சு வருஷம் கெடைச்சாப் போதும்னு அன்னிக்கே மனசுல முடிவு பண்ணிக்கிட்டுத்தான் கட்டுனேன். இருபத்திரண்டு ஆயிருச்சு. அதான்... நாளைக்கு எது நடந்தாலும்—”

எனக்கு வந்ததே கோபம்.

“அஞ்சு வருஷத்துக்கா என்னைக் கட்டுனீங்க? அவ்ளோதான் கேட்டீங்களா?”

பக்கத்துக் கட்டில் அம்மா திரும்பிப் பார்த்தார். லோகன் பழத்தோடு முழித்தார். பிறகு சிரித்தார், சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது. இருபத்திரண்டு வருடமாக இந்த மனுஷன் ஒவ்வொரு வருடத்தையும் உபரி என்று எண்ணிக்கொண்டு என் பக்கத்தில் படுத்திருக்கிறார். எனக்குத் தெரியவே தெரியாது. பிள்ளை இல்லை என்று அவருடைய ஆட்கள் எதையெதையோ பேசியபோதும் வாயைத் திறக்காதவர்.

இன்னும் இருபத்திரண்டு கேளுங்கள், கேட்டால்தான் கிடைக்கும் என்று சொல்லி அனுப்பினேன்.

ஜூன் 11, புதன்

காலை. ஸ்ட்ரெச்சர் வந்துவிட்டது. போய்ட்டு வர்றேன்.

ஜூன் 14, சனி

வந்துவிட்டேன்.

மூன்று நாளாகப் பேனா பிடிக்க விடவில்லை. தொடையில் ஒரு சின்னக் காயம், அவ்வளவுதான் வெளியே தெரிகிறது. இதயத் துடிப்பு கொஞ்சம் தடுமாறியதால் இரண்டு நாள் கூடுதலாக வைத்துப் பார்க்கிறார்கள். இன்று நடக்கச் சொன்னார்கள். வார்டு கடைசி வரைக்கும் நடந்தேன். திரும்பினேன். மறுபடி நடந்தேன். நர்ஸ் போதும் அக்கா என்றாள்.

மூச்சு தானாக வந்து தானாகப் போகிறது. இவ்வளவு நாளும் அதைப் பிடித்துப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தேன் என்பதே இப்போதுதான் தெரிகிறது.

ரொஸ்னாவுக்கும் இது கிடைத்திருக்கும். யாராவது ஒருவர் அவள் நெஞ்சில் காது வைத்திருந்தால் போதும். ஆத்திரமாக வருகிறது. வரட்டும், இந்த ஆத்திரத்துக்கு மாத்திரை போடப்போவதில்லை.

ஜூலை 2, புதன்

டாக்டர் ஹுஸ்னா லைசென்ஸ் பற்றி இப்போது ஒன்றும் சொல்லமாட்டேன் என்கிறார். ஒரு வருடம் பார்க்க வேண்டுமாம். கார்த்திகேசு அண்ணன் புது டிரைவர்களுக்கு வகுப்பு எடுக்கக் கூப்பிடுகிறார். நாற்காலி வேலை. சரி என்றேன், ஒரு நிபந்தனையோடு. முதல் வகுப்பில் வண்டியைப் பற்றிப் பேச மாட்டேன், மயக்கம் வந்தால் மறைக்காமல் சொல்வது எப்படி என்பதைத்தான் பேசுவேன். கம்பெனிக்கு இது பிடிக்குமா என்று தலையைச் சொறிந்தார். பிடிக்காவிட்டால் வேறு ஆள் பார்க்கட்டும்.

ஜூலை 20, ஞாயிறு

கம்பெனிக்குப் பிடித்திருக்கிறது. அல்லது வேறு ஆள் கிடைக்கவில்லை. நாளை முதல் வகுப்பு.

ஆகஸ்ட் 14, வியாழன்

மதியம் போன் அடித்தது. ஜெயா. மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. கேன்டீனில் மீ கோரேங் விலை ஏற்றச் சொல்கிறார்கள், சமையல்காரி நின்றுவிட்டாள் என்று பத்து நிமிடம் பேசினாள். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். வகுப்பு ஆட்கள் வெளியே காத்திருந்தார்கள், காத்திருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பிறகு, பேச்சோடு பேச்சாக:

“ரொஸ்னா எத்தன மாசமா அந்த மாத்திர சாப்பிட்டா?”

மூன்று மாதம் என்றேன். அவள் பக்கம் பள்ளி மணி அடித்தது.

“என்னிக்கு வரணும்?”

ஏன் கேட்கிறாய், உனக்கு ஏதாவது செய்கிறதா என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. நாள் வாங்கிவிட்டுச் சொல்கிறேன் என்றேன். போனை வைத்ததும் டாக்டர் ஹுஸ்னாவின் கிளினிக்குக்கு அடித்தேன். கடிதம் இல்லாமல் முடியாது என்றார்கள். எந்தக் கிளினிக்கில் கடிதம் வாங்குவது, தாளில் என்னென்ன எழுதுவது, டாக்டர் படபடப்பு என்று சொன்னால் என்ன பதில் சொல்வது என்று எல்லாவற்றையும் ஜெயாவுக்குக் குரல் பதிவாக அனுப்பினேன். ஏழு நிமிடம். நடுவில் லோகன், மூச்சு விடு என்றார். விட்டுக்கொண்டுதான் பேசினேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

ஜெயாவுக்குக் கடிதம் கிடைத்துவிட்டது. முதல் தடவை திருப்பி அனுப்பினார்களாம். அடுத்த நாளே போய் மறுபடி உட்கார்ந்திருக்கிறாள். என் பெயரைச் சொல்லி, “பினாங்குல ஒருத்தி என்னைச் சும்மா விடமாட்டா” என்று டாக்டரிடம் சொன்னாளாம்.

நவம்பர் 5, புதன்

ஜெயாவின் எக்கோ இன்று. காலை பத்து மணிக்கு ஃபெர்ரியில் வந்தாள். ஃபெர்ரித் துறையில் போய் நின்றேன். வீட்டில் கண் டாக்டரைப் பார்க்கப் போவதாகச் சொல்லியிருக்கிறாள். நான் வாயைத் திறக்கவில்லை. அதையும் இன்றைக்கே தீர்க்க வேண்டும் என்று என்ன இருக்கிறது?

ஆஸ்பத்திரியில் கைப்பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். அவள் பெயரைக் கூப்பிட்டதும் எழுந்தவள், திரும்ப உட்கார்ந்துவிட்டாள். நான் அவளுக்கு முன்னால் நின்று, ஒண்ணுமில்ல, போட்டோ புடிக்கிற மாதிரித்தான் என்றேன். சொன்ன பிறகுதான் அது யாருடைய வார்த்தை என்று இருவருக்கும் உறைத்தது. ஜெயா என் தோளை ஒரு இடி இடித்துவிட்டு உள்ளே போனாள்.

நாற்பது நிமிடம். என் இருதயத்துக்கே சோதனை வைத்ததுபோல நடைபாதையில் நடந்தேன்.

வால்வு லேசாகத் தடித்திருக்கிறது, லேசான கசிவு. இப்போதைக்கு எதுவும் செய்ய வேண்டாம். ரத்த அழுத்தத்தையும் கொழுப்பையும் கட்டுப்பாட்டில் வைக்க வேண்டும், வருடம் ஒரு தடவை வந்து பார்க்க வேண்டும். டாக்டர் ஹுஸ்னா அவள் பெயரில் புது ஃபைல் திறந்தார். முதல் பக்கத்திலேயே கதிர் வாங்கிய வருடத்தைச் சிவப்பில் எழுதினார்.

வெளியே வந்ததும் ஆரம்பித்துவிட்டாள்.

“இதுக்கா என்னை இந்தப் பாடு படுத்துன? ஏழு மாசமா எனக்குத் தூக்கம் இல்லடி. கேன்டீன மூடிட்டு வந்துருக்கேன். புள்ளைங்க இன்னிக்கு எங்க பசியாறும்?”

பஸ்ஸிலும் திட்டினாள். ஹைதர் பாய் கடையில் அவர் தானே வந்து பரிமாறினார், அவர் முன்னாலும் திட்டினாள். ரெண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள். கொழுப்பைக் குறைக்கச் சொன்னார்களே என்று மீன் தலையை எடுத்து வைக்கப் போனேன், கையைத் தட்டிவிட்டாள். ஃபெர்ரியில் ஏறும்போதும், படியிலிருந்து திரும்பி, இனி என் வீட்டுப் பக்கம் வராதே என்றாள்.

ஃபெர்ரி கிளம்பியது. நான் போனை எடுத்து அடுத்த நவம்பர் ஐந்தைத் தேடினேன். வியாழக்கிழமை. பள்ளி நாள்தான், இப்போதே சொல்லி வைத்தால் கேன்டீனுக்கு மாற்று ஆள் பார்த்துக்கொள்வாள். செய்தி அனுப்பினேன்.

நடுக்கடலிலிருந்து ஒரே வார்த்தையில் பதில் வந்தது. “காலைலயா?”